பத்தாவது ஆள்

பங்குச் சந்தையில் ஜெயிக்க அறிவு கொஞ்சம் இருந்தால் போதும், மனப்பக்குவம்தான் முக்கியம் என்று டிரேடிங் புத்தகங்கள் எல்லாமே அடித்துச் சொல்கின்றன. இதைவிட நிம்மதியான செய்தி எனக்கு வேறில்லை. பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தால் எதற்கும் இருக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தைப் பார்ப்பவன் நான். அது ஒரு குறையே அல்ல என்று பெரியவர்களே சொல்லிவிட்ட பிறகு என்ன தயக்கம்? டீமேட் கணக்கைத் திறந்து, மனத்தைப் பக்குவப்படுத்த உட்கார்ந்துவிட்டேன்.

முதல் சோதனை செயலியைத் திறந்ததுமே வந்தது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கும் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கை. 2023 ஜூலையிலிருந்து, ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் இதைக் காட்டியாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபியின் உத்தரவு. “பாவம், அந்த ஒன்பது பேர்” என்று ஒரு வினாடி பரிதாபப்பட்டுவிட்டு, கீழே இருக்கும் பொத்தானை அமுக்குவேன். எங்கள் அலுவலகத்தில் டிரேடிங் செய்கிற அத்தனை பேரும் இப்படித்தான் அமுக்குகிறார்கள். ஒன்பது பேரைத்தான் காணோம். எல்லோருமே பத்தாவது ஆள்.

2024 செப்டம்பரில் செபி மறுபடி ஒரு கணக்கை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். காப்பி ஆற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்.

“அவ்வளவு பணமும் எங்கேங்க போச்சு?”

“பெரிய பெரிய நிறுவனங்களுக்கு. அவங்க லாபத்துல முக்கால்வாசிக்கு மேல அல்கோ டிரேடிங். அதாவது, கம்ப்யூட்டரே வாங்கி, கம்ப்யூட்டரே விக்கும்.”

“கம்ப்யூட்டருக்கு மனப்பக்குவம் எல்லாம் இருக்கா?”

இந்த மாதிரிக் கேள்விகளால்தான் நம் வீடுகளில் பெரிய டிரேடர்கள் உருவாவதில்லை.

அவளுக்குப் புரியும்படி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து டிரேடில் ஆறு தப்பாகப் போகட்டும். ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாயில் ஸ்டாப் லாஸ் போட்டு வெளியே வந்துவிட்டால் 6,000 போச்சு. மீதி நாலில் தலா 2,000 எடுத்தால் 8,000 வந்தாச்சு. நிகர லாபம் 2,000. பத்துக்கு ஆறு தப்பு செய்தும் சம்பளம் தருகிற உத்தியோகம் வேறு எங்கே இருக்கிறது?

கணக்கு சரிதான். நடைமுறையில் நான் ஓரிரு திருத்தங்கள் செய்துகொண்டேன். லாபம் 300 ரூபாயைத் தொட்டதுமே எடுத்துவிடுவேன். வாசலுக்கு வந்த லட்சுமியை நிற்கவைத்து வேடிக்கை பார்ப்பது மரியாதையாகாது. நஷ்டத்தில் அந்த அவசரம் கிடையாது. 1,000 ரூபாயில் போட்ட ஸ்டாப் லாஸை, விலை கிட்டே வரும்போது கொஞ்சம் நகர்த்தி 1,800-ல் வைப்பேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். மேலும் இறங்கினால், மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் நூறு பங்கு வாங்கி ஆவரேஜ் செய்வேன். சந்தை மூன்றரைக்கு மூடும். அதற்குள் புரோக்கரே விற்றுத் தள்ளிவிடுவாரே என்ற பதற்றத்தில், மூன்று மணி வாக்கில் முழுப் பணத்தையும் கட்டி, அன்றே விற்றாக வேண்டிய இன்ட்ராடேயைக் கையில் வைத்துக்கொள்ளும் டெலிவரியாக மாற்றுவேன். காலையில் அரை மணி நேரத்துக்காக வாங்கிய பங்கு, சாயங்காலம் மகள் கல்யாணத்துக்கான நீண்டகாலச் சேமிப்பாகப் பதவி உயர்வு பெற்றுவிடும். மகள் இப்போது ஆறாம் வகுப்பு. பங்குக்கு அவகாசம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்று, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழும் பழக்கத்தைப் பற்றி ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985-லேயே எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1979-ல், கானமனும் ட்வெர்ஸ்கியும் நூறு ரூபாய் வந்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போன வலி பெரிது என்று காட்டினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதே உண்மையை நான் சொந்தப் பணத்தைப் போட்டு நிரூபித்துவருகிறேன். ஸ்டாக்ஹோமிலிருந்து இன்னும் தகவல் இல்லை.

ஒருநாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை. ஒரு கண் அலுவலகத்தில், ஒரு கண் பேங்க் நிஃப்டியில். “மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மனைவி மிளகாய் அள்ள மொட்டை மாடிக்குப் போனாள். மூன்றாவது விசில் வந்தது. திரையில் ஒரு சிவப்புக் கம்பி நீண்டுகொண்டிருந்தது. பருப்பு இன்னும் குழைந்திருக்காது, ஒன்று கூட விடலாமே என்று தோன்றியது. நாலாவது வந்தபோது, நாலு வரை பொறுத்தோம், ஐந்துக்குப் பொறுக்க மாட்டோமா என்று தோன்றியது. ஏழாவது விசிலுக்கு அவளே முறத்தோடு இறங்கி வந்தாள். மூடியைத் திறந்தால் அடியில் கறுப்பாக ஒரு தகடு.

“வெந்துச்சா வேகலையான்னு குக்கர் கத்தும்போது யோசிக்கக் கூடாதுங்க. அடுப்புல ஏத்தும்போதே மூணுன்னு முடிவு பண்ணியாச்சுல்ல?”

டிரேடிங் உளவியல் புத்தகங்கள் முந்நூறு பக்கத்துக்குச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான். கம்ப்யூட்டர் ஜெயிக்கும் ரகசியமும் அதுவே. அதற்கு ஏற்றும்போது சொன்ன மூணு, கத்தும்போதும் மூணுதான். அந்த வாக்கியத்தை என் டிரேடிங் ஜர்னலில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன். மறுநாள் ஸ்டாப் லாஸை நகர்த்தும்போதுகூட ஜர்னல் பக்கத்தில்தான் திறந்திருந்தது.

அமெரிக்காவில் பார்பர், ஓடியன் என்று இரண்டு பேராசிரியர்கள். பெண்களைவிட ஆண்கள் 45 சதவீதம் அதிகமாகப் பங்குகளை வாங்கி விற்கிறார்கள், அதனாலேயே அவர்களைவிட அதிகமாக இழக்கிறார்கள் என்று 2001-ல் எழுதினார்கள். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவளுடைய வாட்ஸ்அப்புக்கு அதுவாகவே வந்து சேர்ந்தது. அவள் மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறாள். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேட்டால், “அதைப் போய் தினம் யாரு பார்த்துட்டிருப்பா?” என்கிறாள். மார்க்கெட்மேல் துளி அக்கறையில்லாத பெண்மணி.

ஜூலை மாதம் ஆடிட்டரிடம் போனோம். அவர் என் ஸ்டேட்மென்டை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். “கவலைப்படாதீங்க சார். கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டுட்டா, இன்ட்ராடே நஷ்டத்தை நாலு வருஷத்துக்கு முன்கொண்டு போகலாம். அதுக்குள்ள இன்ட்ராடேயில லாபம் வந்தா அதுல கழிச்சுக்கலாம்.”

“வரலைன்னா?” என்றாள் மனைவி.

“காலாவதிதாம்மா.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் லாபம் சம்பாதிப்பேன் என்று நாலு வருஷம் காத்திருக்க இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறது. அது வருமான வரித்துறை.