தோற்றவர் வைத்த மொய்

அமெரிக்க அரசாங்கம் பருத்தி விவசாயிக்கு முதன்முதலில் பெரிய அளவில் காசு கொடுத்தது பருத்தி வளர்க்க அல்ல, வளர்ந்து நின்றதை அழிக்க. வருஷம் 1933. ஊரெல்லாம் பஞ்சம், சந்தையில் மட்டும் பஞ்சு வழிந்து கிடக்கிறது. வாங்க ஆளில்லை. ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்த கையோடு ஒரு வேளாண் சட்டம் போட்டார். விலை ஏற வேண்டுமா, சரக்கைக் குறை. சரக்குதான் ஏற்கெனவே செடியாக நிற்கிறதே? உழுது போடு.

போட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர். விதைத்த கையாலேயே ஏர் பூட்டி, நின்ற பயிரை மண்ணுக்குள் புதைத்தார்கள். புதைத்ததற்கு வாஷிங்டனிலிருந்து காசோலை வந்தது. ஏர் இழுத்த கோவேறு கழுதைகளுக்குத்தான் விஷயம் விளங்கவில்லை. செடியை மிதித்தால் அடி விழும் என்று பழக்கப்பட்ட ஜீவன்கள் அவை. வரிசைக்கு நடுவில் நட என்று சொல்லி வளர்த்துவிட்டு, திடீரென்று வரிசை மேலேயே நட என்றால்? நகர மாட்டோம் என்று நின்றுவிட்டதாகத் தென் மாநிலங்களில் கதை கதையாகச் சொல்வார்கள். அதே ஆண்டு, அதே காரணத்துக்காக, 60 லட்சம் பன்றிக்குட்டிகளும் அகால மரணம் அடைந்தன. அவற்றின் கருத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

காசோலை நிலத்துக்காரர் கைக்குப் போனது. அந்த நிலத்தில் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்களில் ஏராளமானோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், மூட்டை முடிச்சோடு தெருவுக்குப் போனார்கள். பயிரே வேண்டாம் என்றபின் பயிரிடுபவன் எதற்கு?

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது. சரி, கடை கட்டியாயிற்று என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. அடுத்த மாதமே 'மண்வளப் பாதுகாப்பு' என்று பெயர் மாற்றி அதே காசை வேறு உறையில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பெயர் மாற்றும் வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருஷம் கழித்து மறுபடி மேடை ஏறும்.

உலகப் போர் முடிந்தது. இனி எல்லோரும் ஒழுங்காக வியாபாரம் செய்வோம் என்று 1947ல் ஜெனீவாவில் 23 நாடுகள் உட்கார்ந்து காட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இனி இதைப் பஞ்சாயத்து என்றே சொல்வோம். நாட்டாமை யார் என்று சொல்லத் தேவையில்லை. பஞ்சாயத்தின் முக்கியமான சட்டம்: இன்ன சரக்கு இத்தனை டன்தான் உள்ளே வரலாம் என்று யாரும் அளவு வைக்கக் கூடாது. விவசாயத்துக்கு ஒரு தனி விலக்கு. அந்த விலக்கு சாம் மாமாவின், அதாவது அமெரிக்காவின், உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆனால் அவர் சட்டை தைத்த மறுமாசமே பெருத்துவிடும் ஜாதி.

1951ல் அமெரிக்க நாடாளுமன்றம் வெளிநாட்டுப் பால் பொருட்களுக்கு அளவு வைத்தது. பாலாடைக்கட்டி விற்றுப் பிழைக்கும் நெதர்லாந்து பஞ்சாயத்துக்கு ஓடியது. 'இது தப்புதானே?' 'தப்புதான்' என்றது பஞ்சாயத்து. பரிகாரமாக நெதர்லாந்து தன் பங்குக்கு அமெரிக்க கோதுமை மாவை வருஷத்துக்கு 60,000 டன்னுக்கு மேல் வாங்காமல் இருக்கலாம் என்று 1952ல் அனுமதி கொடுத்தது. காட் இருந்த காலம் முழுவதிலும் பஞ்சாயத்து ஒப்புக்கொண்ட ஒரே பழிவாங்கல் இதுதான். சாம் மாமா கொட்டாவி விட்டார். மாவு அவருக்கு ஒரு பொருட்டா?

தொந்தரவு தொடரக் கூடாது என்று 1955ல் வேறு ஏற்பாடு செய்துகொண்டார். 'என் வேளாண் சட்டத்துக்கும் உங்கள் விதிக்கும் முட்டினால், என் சட்டம் நிற்கும், உங்கள் விதி ஒதுங்கும்' என்று ஒரு விதிவிலக்கு கேட்டார். கொடுத்தார்கள். எத்தனை நாளுக்கு? கெடு கிடையாது. 40 வருஷம் ஓடியது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று எழுத்துப்பூர்வமாகவே எழுதிக் கொடுத்த பஞ்சாயத்து அது.

ஐரோப்பாக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். 1962ல் அவர்கள் பொது வேளாண் கொள்கை தொடங்கினார்கள்; எவ்வளவு விளைந்தாலும் அரசு வாங்கிக்கொள்ளும் என்றதும் மாடுகள் உற்சாகமாகிவிட்டன. வெண்ணெய் மலை, ஒயின் ஏரி என்று பத்திரிகைகள் பூகோளப் பெயர் வைக்கும் அளவுக்குக் கிடங்குகள் நிரம்பின. 1973ல் சுமார் இரண்டு லட்சம் டன் வெண்ணெயை அடிமாட்டு விலைக்கு சோவியத் யூனியனுக்குத் தள்ளிவிட்டார்கள். பனிப்போருக்கு நடுவே, முதலாளித்துவம் தன் எதிரிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்த அழகிய காட்சி. ஐரோப்பியக் குடும்பப் பெண் மட்டும் முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த இரண்டு யோக்கியர்களும் சேர்ந்துதான் 1986ல் உருகுவேயில் தொடங்கிய பேச்சுவார்த்தையில் உலகத்துக்கே மானிய ஒழுக்கம் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார்கள். எட்டு வருஷம் இழுத்து, 1994ல் மராகேஷில் கையெழுத்தானது. 1995 பிறக்கும்போது உலக வர்த்தக அமைப்பும் பிறந்தது; இனி அதுதான் நம் பஞ்சாயத்து. மானியங்களை மூன்று பெட்டியில் பிரித்தார்கள். வியாபாரத்தைக் கெடுப்பது மஞ்சள் பெட்டி, அளவோடு இருக்க வேண்டும். விளைச்சலைக் கட்டுப்படுத்திக்கொண்டு கொடுப்பது நீலப் பெட்டி, போனால் போகிறது. சந்தையைத் தொடாதது பச்சைப் பெட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். நம் ஊர் கொள்முதல் நெல்லுக்குக் கொடுக்கும் ஆதரவு விலை மஞ்சளில் விழுந்தது. அதிலும் கணக்குப் பார்ப்பது 1986-88 ஆண்டு உலக விலையை வைத்து. இன்றைய குவிண்டாலுக்கு ராஜீவ் காந்தி காலத்து விலைச் சீட்டு. பணக்கார நாடுகளோ தங்கள் காசை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாற்றிப் போட்டுவிட்டு, குறைத்துவிட்டோம் பார் என்று மார்தட்டின.

கூடவே ஒரு 'சமாதான ஷரத்து'. 2003 முடியும் வரை விவசாய மானியத்துக்காக யாரும் யார் மீதும் பிராது கொடுக்கக் கூடாது. பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: 1992 பயிர்ப் பருவத்தில் முடிவான அளவைத் தாண்டாமல் இருந்தால்தான்.

பொடி எழுத்தையும் படிக்கிற ஆள் ஒருவர் பிரேசில் வேளாண் அமைச்சகத்தில் இருந்தார். பெயர் பெத்ரோ டி கமார்கோ நேட்டோ. 2001ல் உலகப் பஞ்சு விலை பவுண்டுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. பிரேசில் விவசாயி தலையில் கை வைத்தான். அமெரிக்க விவசாயி? மேலும் பயிரிட்டான். ஏனென்றால் அவனுக்குப் பக்கபலமாக மானியம் இருந்தது; 2002 சட்டம் அவனுடைய இலக்கு விலையை 72.4 சென்ட் என்றே எழுதிவைத்தது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் மிச்சத்தை ஈடுகட்ட வாஷிங்டன் இருக்கிறது. 1999 முதல் 2003 வரையிலான நான்கு பருவத்தில் பருத்தி மானியம் சுமார் 1,250 கோடி டாலர். விளைந்த பருத்தியின் மொத்த மதிப்பே 1,400 கோடிக்குக் கொஞ்சம் கீழே. இதற்கு டாலரையே நேராக நட்டிருக்கலாம், பூச்சிமருந்து செலவாவது மிச்சம்.

2002 செப்டம்பரில் பிரேசில் பிராது கொடுத்தது. அதன் தரப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் டேனியல் சம்னர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்கர், அதிலும் அமெரிக்க வேளாண் துறையிலேயே உதவிச் செயலராக இருந்தவர். அந்த மானியங்கள் இல்லாவிட்டால் உலக விலை 12.6 சதவீதம் கூடியிருக்கும் என்றது அவர் கணக்கு. உள்ளூர்ப் பருத்திக்காரர்கள் கொதித்தார்கள். வீட்டுப் பிள்ளையே சாட்சிக் கூண்டேறினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வழக்கில் வெளிவந்த விஷயங்களில் என் அபிமானம் இரண்டு. ஒன்று, 'ஸ்டெப் 2'. அமெரிக்கப் பஞ்சு விலை உலக விலையைவிட அதிகம், அதனால் அமெரிக்க ஆலைக்காரனே வாங்குவதில்லை. சரி, வாங்கினால் உனக்குக் காசு தருகிறேன் என்றது அரசு. விளைவிப்பவனுக்கும் மானியம், அதை வாங்குபவனுக்கும் மானியம், ஏற்றுமதி செய்பவனுக்கும் மானியம். இன்னொன்று, பருத்திக்கு உழும் முன்னே தம்பிக்கு எட்டு முழம் என்பார்களே, அதைச் சட்டமாகவே இயற்றியிருந்தார்கள்: 'நேரடித் தொகை'. என்றோ பருத்தி போட்ட நிலம் என்றால் போதும். இப்போது எது போட்டாலும், எதுவுமே போடாவிட்டாலும் பணம் உண்டு. இது சந்தையைத் தொடவே இல்லை, சுத்தப் பச்சை என்று சத்தியம் செய்தார் சாம் மாமா. ஆனால் அந்த நிலத்தில் பழமும் காய்கறியும் மட்டும் போடக் கூடாது. ஏன்? போட்டால் காய்கறி விவசாயிகள் சண்டைக்கு வருவார்கள். எதை விளைவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டபின் அது எப்படிப் பச்சை ஆகும் என்று கேட்டது பஞ்சாயத்து. ஆயிரம் கோடி வாதம் ஒரு கத்தரிக்காயில் சறுக்கியது.

1992 அளவைத் தாண்டியாயிற்று, அதனால் சமாதான ஷரத்தும் காப்பாற்றாது. 2004ல் தீர்ப்பு, 2005 மார்ச்சில் அப்பீலிலும் தோல்வி. ஸ்டெப் 2வை 2006ல் கைவிட்டார்கள். மற்றவை பெரும்பாலும் அப்படியே.

இதே சமயம் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நாலு ஆப்பிரிக்க நாடுகளும் கூவிக்கொண்டிருந்தன. அவற்றின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று பருத்தி. அவை கேட்டதற்கு 2003 கான்குன் மாநாட்டில் பெரியவர்கள் தயாரித்த வரைவு சொன்ன யோசனை, 'பருத்தியை விட்டு வேறு ஏதாவது செய்து பாருங்களேன்.' பெனினும் சாடும் பிரேசில் வழக்கில் மூன்றாம் தரப்பாகப் போய் உட்கார்ந்தன. இந்தியாவும்தான். ஜெயித்த வழக்கில் இவர்களுக்குக் கிடைத்தது தீர்ப்பின் நகல். இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத ஒரே இடம் இது.

2009ல் பஞ்சாயத்து பிரேசிலுக்குப் பழிவாங்கும் உரிமை கொடுத்தது. நெதர்லாந்து போல மாவோடு முடித்துக்கொள்ளவில்லை பிரேசில். 2010 மார்ச்சில் 102 அமெரிக்கச் சரக்குகளின் பட்டியலை வெளியிட்டது: பருத்திப் பொருளுக்கு 100 சதவீத வரி, காருக்கு 50, கோதுமைக்கு 30. மொத்த மிரட்டல் 82.9 கோடி டாலர். அதில் பட்டியல் சரக்கு 59.1 கோடிதான், மிச்சத்துக்கு உங்கள் காப்புரிமையில் கை வைப்போம் என்றது. மருந்து, சினிமா, பாட்டு. கொட்டாவி நின்றது. ஹாலிவுட்டும் மருந்து கம்பெனியும் போட்ட சத்தத்தில் அமெரிக்க அதிகாரிகள் பிரேசிலியாவுக்கு விமானம் ஏறினார்கள்.

சட்டத்தை மாற்றினால் உள்ளூர்ப் பருத்தி எம்.பி.க்கள் கோபிப்பார்கள்; மாற்றாவிட்டால் ஹாலிவுட் கோபிக்கும். யாரும் கோபிக்காத வழியைக் கண்டுபிடித்தார்கள். பிரேசில் பருத்தி விவசாயிகளுக்காக ஒரு நிறுவனம் தொடங்குவது, அதற்கு அமெரிக்கா வருஷத்துக்கு 14.73 கோடி டாலர் கட்டுவது, மாசத் தவணையில். பதிலுக்குப் பிரேசில் வாயை மூடிக்கொள்ளும். அதாவது, அமெரிக்க விவசாயிக்குத் தொடர்ந்து மானியம் கொடுப்பதற்காக, பிரேசில் விவசாயிக்கும் அமெரிக்காவே மானியம் கொடுத்தது. பருத்தி புடவையாகக் காய்த்தது என்பது இதுதான்.

தவணை 2013 அக்டோபரில் நின்றது, மறுபடி முறைப்பு, 2014ல் புதுச் சட்டம் வந்து பஞ்சைப் பழைய மானியப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கடைசியாக 30 கோடி டாலர் ஒரே தொகையாகக் கொடுத்து, இனி இதுபற்றிப் பேசக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கோப்பை மூடினார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 80 கோடி டாலர் மொய்.

2018 பிப்ரவரியில் அதே மானியப் பட்டியலில் புதிதாக ஒரு பயிர் சேர்ந்தது. பஞ்சா? சேச்சே, அது எடுத்தாயிற்றே. இது 'கொட்டை எடுக்காத பருத்தி'. ஜின்னிங் ஆலைக்குள் போவதற்கு முன் அது வேறு பயிராம். 1936ல் மண்வளம் பேசிய அதே கை.

பிரேசில் சும்மா இருக்கவில்லை. 2023-24 பருவத்தில் பஞ்சு ஏற்றுமதியில் அமெரிக்காவை முந்தி உலகத்தில் முதலிடம் பிடித்தது. பஞ்சாயத்தில் மறுபடி ஏறலாம்தான். ஆனால் அதன் மேல்முறையீட்டு அமர்வில் 2019 டிசம்பர் முதல் தீர்ப்பு சொல்லப் போதிய ஆளில்லை. தோற்றவர் அப்பீல் என்று ஒரு தாள் கொடுத்தால் போதும், வழக்கு அங்கேயே தூங்கும். புது நீதிபதிகள் நியமனத்துக்குக் குறுக்கே நின்றவர் சாம் மாமாவேதான்.

2025 ஜூலையில் கொட்டை எடுக்காத பருத்தியின் ஆதார விலையை பவுண்டுக்கு 36.7 சென்ட்டிலிருந்து 42 சென்ட்டாக உயர்த்தினார்கள். இந்தத் தடவை பிரேசிலியாவுக்கு விமானம் ஏற வேண்டிய அவசரம் எந்த அதிகாரிக்கும் வரவில்லை.