குழாய் திறந்தால் குதிரை கூடுமா? ஓர் ஆய்வுரை

பாயிரம்

பொருள், பயன், கேட்போர் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார் உளர், ஆகவே சொல்லிவிடுவோம். பொருள்: 1960களின் அமெரிக்க மஸில் காரில், புகை சைலன்சரை எட்டுவதற்கு முன்பே அதை வெளியே விட்டுவிடும் எக்ஸாஸ்ட் கட்-அவுட்டைத் திறந்தால் வண்டிக்கு வலு கூடுமா என்பது. பயன்: இல்லை. கேட்போர்: நான்கு தெரு தள்ளிக் குடியிருப்பவர் வரை அனைவரும். பாலாபிஷேகம் பெறும் கட்-அவுட் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வரலாற்றியல்

கட்-அவுட் மஸில் காருக்கு மூத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காலால் மிதித்துத் திறக்கும் கட்-அவுட்கள் இருந்தன. மேடேறும்போது இன்ஜினுக்குச் சிரமம் குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். எந்த சிலிண்டர் வெடிக்கவில்லை என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையில் உதவிய காரணம். தெருவில் குதிரைகள் மிரண்டன. பல நகரங்கள் தடை போட்டன. இதற்கும் முந்தைய வரலாறு வேண்டுவோர், எதையும் கி.மு.வுக்குத் தள்ளிவைத்தால்தான் தூக்கம் வரும் அறிஞர்களை அணுகுக.

வகையியல்

போல்ட்டைக் கழற்றித் திறப்பது, கம்பியை இழுத்துத் திறப்பது, மோட்டாரால் திறப்பது என மூவகை. நாளடைவில் மூன்றும் ஒழுகும்.

குழாயியல்

'இன்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் வலு போய்விடும்' என்பார் ஒரு சாரார் (நேர்ப்பேச்சு, பெட்ரோல் பங்க்). அஃது அன்று. தன் புகையைத் தானே முக்கித் தள்ள எந்த இன்ஜினும் ஆசைப்படுவதில்லை. வேண்டுவது புகையின் வேகம். அளவான குழாயில் விரைந்தோடும் சூடான புகை தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகிறது. அடுத்த சிலிண்டரில் தங்கிய மிச்சம் அந்த இழுப்பில் வெளியேறுகிறது. சிலிண்டர்களிலிருந்து வரும் ஹெடர் குழாய்கள் கூடுமிடத்தை ஒட்டியே கட்-அவுட் வைத்தால் இந்த இழுப்பு கெட்டு, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுவை குறையலாம். இதைக் கண்டுதான் முதல் சாரார் எதிரழுத்தத்துக்குக் கோயில் கட்டினர்.

ஆகவே, கட்-அவுட்டின் பெருமை அதற்குப் பின்னால் இருப்பதன் சிறுமையே என்க. ஒல்லிக் குழாயும் அடைசலான ஒற்றைச் சைலன்சரும் இருந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கையில் பலன் தெரியும். இரண்டரை அங்குல இரட்டைக் குழாயும் நல்ல சைலன்சரும் ஏற்கெனவே இருந்தால் கூடுவது பெரும்பாலும் சத்தம். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் திறந்தால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகவும் கூடும் (கூற்று: காருக்கு அடியில் படுத்திருந்தவர், முழங்காலுக்குக் கீழ் மட்டுமே புலப்பட்டமையால் ஆசிரியர் பெயர் உறுதியில்லை).

சான்றியல்

கால் மைல் ஓடி முடிக்கையில் வண்டி தொட்ட வேகத்தை, மணிக்கு இத்தனை மைல் என்று எடுத்து, 234ஆல் வகுத்து, மும்மடியாக்கி, பவுண்டுக் கணக்கிலான எடையால் பெருக்கினால் குதிரைத்திறன் கிட்டும் என்பது பந்தயத் திடல் வாய்பாடு. 3,600 பவுண்டு வண்டி 100 மைல் தொட்டால் 281. 101 தொட்டால் 289. ஒரு மைலுக்கு எட்டுக் குதிரை. ஆனால் காற்று 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தாலே சுமார் ஒரு சதவீத வலு சும்மா வரும். மதியம் மூடி ஓட்டி, மாலையில் திறந்து ஓட்டியவர், சூரியனுக்குச் சேரவேண்டிய நன்றியையும் கட்-அவுட்டுக்கே சொல்கிறார். நேரடிச் சான்று ஒன்றே உளது (கேரேஜ் காலண்டர், அக்டோபர்த் தாளின் பின்பக்கம், கிரீஸ் கறைக்கு வலப்புறம், பென்சில் குறிப்பு, எலி கடித்தது போக மிச்சம்). அதில் கூடிய குதிரை 1 என்று ஒரு பாடம். 7 என்று பிறிதொரு பாடம். 17 என்பது காரின் சொந்தக்காரர் பாடம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 1971 வரை கம்பெனிகள் விளம்பரப்படுத்திய குதிரைத்திறன், இன்ஜினை மேடையில் தனியாக ஏற்றி, வண்டிக்குரிய சைலன்சரும் ஆல்டர்னேட்டர் முதலிய சுமைகளும் இல்லாமல் அளந்தது. அஃதாவது, அளந்தவர்களே குழாயைத் திறந்துவைத்துத்தான் அளந்தார்கள். 1972இல் வண்டியில் இருப்பதுபோலவே பூட்டி அளக்கத் தொடங்கியதும், கார்வெட் காரின் 454 கன அங்குல இன்ஜின் 365இலிருந்து 270க்கு இறங்கியது, பெரும்பாலும் காகிதத்தில்தான். எனவே கட்-அவுட் திறப்பவர் குதிரையைக் கூட்டுகிறார் எனல் பிழை. காசு கொடுத்தும் வீடு வந்து சேராத குதிரைகளைத் தேடுகிறார்.

யாப்பியல்

முன்னையோர் எவரும் தொடாத இடம் இது. வி-8 இன்ஜினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். ஷெவர்லேயின் சிறிய வி-8 வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எல்லாம் ஓட்டுநரின் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். இடத்தை நேரசை என்றும் வலத்தை நிரையசை என்றும் கொள்க. ஏன் என்று கேட்பவர் மாற்றிக் கொண்டு, பணம் கட்டிக் கருத்தரங்க மலரில் வெளியிட்டுப் பதவி உயர்வு பெறுக. அலகிட்டால்: நேர்நிரை, நிரைநேர், நிரைநேர், நேர்நிரை. கூவிளம் புளிமா புளிமா கூவிளம்! நாற்சீர் கொண்ட தூய அளவடி. தளை பார்த்தால் ஆசிரியத்தளையும் வெண்டளையும் விரவி வருகின்றன. ஆகவே ஷெவர்லே பாடுவது அகவல்.

ஃபோர்டு மஸ்டாங்கின் 289 இன்ஜினோ 1-5-4-2-6-3-7-8. இதில் 1 முதல் 4 வலப்பக்கம், 5 முதல் 8 இடப்பக்கம். அலகிடுக: புளிமா கருவிளம் கூவிளம் தேமா. ஈரசைச் சீர் நான்கும் ஆளுக்கொரு முறை வந்துள்ளன. மாமுன் நிரை, விளமுன் நேர், விளமுன் நேர். தேமா முடிந்து அடுத்த சுற்றின் புளிமா தொடங்குமிடத்தில் மறுபடி மாமுன் நிரை. ஓரிடத்திலும் வெண்டளை பிறழவில்லை. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பிசகாமல் வெண்டளை தட்டும் புலவர் எவர்? இது வெண்பாவே என்று சாதிப்பாரும் உளர் (கையெழுத்துக் குறிப்பு, டயர் கடை பில்லின் பின்புறம், மூன்றாம் மடிப்பின் கீழ், தேநீர்க் கறையால் ஒரு சீர் சிதைந்தது, சிதைந்த சீரைப் பதிப்பாசிரியர் தாமே பாடி இட்டு, அதைத் தாமே வியந்து பத்துப் பக்க அடிக்குறிப்பும் வரைந்தது). பொருந்தாது. சாவியைத் திருகி அணைத்தால் நாள், மலர், காசு, பிறப்பு எதிலும் முடியாமல் இருமலில் முடிகிறது.

சைலன்சர் வழியே கேட்டால் அசைகள் குழைந்துவிடும். இரு பக்கக் குழாய்களையும் இணைக்கும் குறுக்குக்குழாய் இருந்தால் இடம் வலம் கலந்து சீர் சிதையும். குறுக்குக்குழாயின்றி, பக்கத்துக்கொரு கட்-அவுட்டைத் திறந்தால் மட்டுமே யாப்பு தெளிவாகக் கேட்கும். கட்-அவுட்டின் ஐயத்துக்கு இடமில்லாத பலன் இதுவே. விரிப்பின் பெருகும்.

சட்டவியல்

1970 போன்டியாக் ஜி.டி.ஓ.வில் கம்பெனியே ஒரு குமிழ் வைத்துக் கொடுத்தது. இழுத்தால், வெற்றிட விசையால் சைலன்சருக்குள் வேறு வழி திறக்கும். அவ்வாண்டு ஜனவரி 11 அன்று அமெரிக்கக் கால்பந்தின் நான்காவது சூப்பர் பௌல் ஒளிபரப்பின்போது அதற்கு விளம்பரமும் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் பார்த்தது. விளம்பரமும் போயிற்று, குமிழும் போயிற்று. கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 27150ஆம் பிரிவோ கட்-அவுட், மாற்றுவழி, அதுபோன்ற எதுவும் கூடாது என்று ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டது. வலு கூடுமா என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. அங்குள்ள போக்குவரத்துக் காவலரும் மேற்கோள் எதுவும் காட்டாமல், பாடபேதம் பாராமல், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே முடிவுக்கு வந்து, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.