அறையும் பருப்பும்: கேமரா மாற்றலும் லென்ஸ் சேர்த்தலும் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் எழுதப்படும் ஆய்வேடு எதைப் பற்றியதானாலும் தமிழின் தொன்மையில் தொடங்க வேண்டும் என்பது மரபு. அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் எழுதப்பட்டு, வழக்கம்போல யாராலும் படிக்கப்படாமல் புரட்டப்பட்டுவிட்டதாகக் கொண்டு இவ்வாய்வு மேலே செல்கிறது.

ஆய்வுக் களம்: வேளச்சேரியில் இரண்டாம் மாடி வீடு, சிறப்பாக, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு. ஆய்வுக் காலம்: 2006 முதல் இன்றுவரை. முதன்மை ஆதாரங்கள்: ஐந்து கேமராக்கள், பதினொரு லென்ஸ்கள், ஒரு மளிகை நோட்டு. துணைமை ஆதாரங்கள்: மனைவி, அம்மா, பக்கத்து வீட்டு மாமி. ஆய்வு எல்லை: மேற்படி மூவரும் கூடி வகுத்தது. ஆய்வு முறை: விளக்கமுறை, ஒப்பீட்டு முறை, மன்னிப்பு முறை.

கருதுகோள்: அடுத்த லென்ஸ் வந்துவிட்டால் படம் நன்றாக வரும்.

இயல் 1: பெயர்ச் சிக்கல்

புகைப்படம் என்று எழுதினால் ‘புகை எங்கே?’ என்பார் ஒரு சாரார். ஒளிப்படம் என்றால் ‘நிழல் என்ன பாவம் செய்தது?’ என்பார் இன்னொரு சாரார். நிழற்படம் என்பாரை இருவரும் சேர்ந்து அடிப்பர். மூன்று கட்சியாரும் பேத்தியின் பிறந்தநாளன்று செல்போனில் எடுத்து அனுப்புவது ‘போட்டோ’. இயல் முற்றும்.

இயல் 2: அறை

கேமரா என்பது லத்தீனில் அறை. ‘கேமரா அப்ஸ்க்யூரா’ என்றால் இருட்டறை; ஒரு சுவரில் துளை, எதிர்ச்சுவரில் தலைகீழாகத் தெரு. இத்தாலியில் இன்றும் விடுதிக்குப் போய் ‘காமெரா’ கேட்டால் சாவியைத் தருவார்கள். நம் நீதிமன்றங்களில் ‘இன்-கேமரா’ விசாரணை என்பது கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் நடப்பது. படம் பிடித்துக்கொண்டே நடப்பதல்ல.

எனவே கேமரா மாற்றுவது வீடு மாற்றுவதே. காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பதுபோல, பழைய பாடியை விற்கப் போனால் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று எண்ணி, கீறலுக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். புது வீட்டுக்குப் போன பிறகுதான் பழைய கட்டில் வாசலில் நுழையாது என்பது தெரியும்.

கட்டில் என்பது இங்கே லென்ஸ். வாசல் என்பது மவுன்ட். கேனன் நிறுவனம் 1987இல் எஃப்.டி. வாசலை இடித்துவிட்டு இ.எஃப். வாசல் வைத்தது. நிக்கான் 1959இல் வைத்த எஃப் வாசலைப் பழைய காரைவீட்டு நிலைக்கதவு மாதிரி பல பத்தாண்டுகள் காப்பாற்றி, 2018இல்தான் இஸட் என்று பக்கத்திலேயே வேறு வீடு கட்டியது. வாசலிலிருந்து படம் விழும் இடம்வரை நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ.; கேனன் இ.எஃப்.பில் 44 மி.மீ. இந்த இரண்டரை மி.மீ. வித்தியாசத்தால், நிக்கான் வீட்டுப் பெண்ணை ஒரு வளையம் போட்டுக் கேனன் வீட்டார் எடுக்கலாம். கேனன் வீட்டுப் பெண்ணை நிக்கான் வீட்டார் எடுத்தால் தொலைதூரம் எதுவும் தெளியாது. கொள்வினை உண்டு, கொடுப்பினை இல்லை.

பிறகு மிரர்லெஸ் வந்தது. உள்ளே இருந்த கண்ணாடியைக் கழற்றி எறிந்தார்கள். நிக்கான் இஸட்டில் அதே தூரம் 16 மி.மீ. ஆயிற்று. முற்றம் சுருங்கியதால் ஊரிலுள்ள பழைய லென்ஸ் அத்தனையும் ஆளுக்கொரு அடாப்டரோடு வந்து தங்கலாம் என்றாயிற்று. இவ்வாய்வாளரின் குடும்பப் பொருளாதாரம் இந்த இடத்தில்தான் திரும்பியது (மளிகை நோட்டு, ப. 14).

இயல் 3: திணைப் பகுப்பு

திணை பகுக்காத ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடக்காது. ஆகவே:

குறிஞ்சி: வாங்குதல்.

முல்லை: கூரியருக்குக் காத்திருத்தல்.

மருதம்: கூரியரை மனைவி வாங்கிவிடுதல்.

பாலை: பழையதை விற்றல்.

நெய்தல்: விற்ற பிறகு அதன் விலை ஏறுதல்.

இயல் 4: பருப்பு

இவ்வாய்வின் உயிர்நாடி இவ்வியல். லென்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள் மைசூர்ப் பருப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அந்தச் செடியின் தாவரவியல் பெயரே ‘லென்ஸ் குலினாரிஸ்’. இருபுறமும் புடைத்த கண்ணாடித் துண்டு அந்தப் பயறின் வடிவில் இருந்ததால் பயறின் பெயர் கண்ணாடிக்கும் வந்தது. முழுப் பயறு இருபுறக் குவிவில்லை. உடைத்த பருப்பு ஒருபுறம் தட்டையான குவிவில்லை. இந்த நுட்பத்தை உணராமல் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டுவோர் ஒளியியலும் அறியார், சமையலும் அறியார். (மைசூர்ப் பருப்பைப் பற்றி எழுதும்போது மைசூரைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு எதிர்பார்க்கப்படும். பருப்புக்கும் ஊருக்கும் தொடர்பில்லை; ‘மசூர்’ என்ற வடக்கத்திப் பெயர் நம் வாயில் ஊர்ப் பெயராகிவிட்டது போலும். மைசூர்பாகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடிக்குறிப்பு முடிந்தது.)

இனி, லென்ஸ் என்பது பருப்பே என்னும் உண்மையைத் தமிழர் என்றோ அறிந்திருந்தனர் என்பதை மூன்று சான்றுகளால் நிறுவுவோம்.

முதற் சான்று: ‘பருப்பில்லாமல் கல்யாணமா?’ என்னும் பழமொழி. இதைச் சாம்பாரோடு சேர்த்துப் பொருள்கொண்டோர் மேலோட்டமாகப் படித்தவர். பிரியாணிக் கல்யாணங்களில் பருப்பில்லாமல் பந்தி நடந்தே தீர்கிறது. ஆனால் லென்ஸ் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடந்தது? தாலி கட்டும் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்க, மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்த பிறகே முடிச்சு விழுகிறது. கெட்டிமேளம்கூட அந்தச் சிரிப்புக்குக் காத்திருக்கிறது. ஆகவே பழமொழியின் பருப்பு, லென்ஸே.

இரண்டாம் சான்று: ‘உன் பருப்பு இங்கே வேகாது.’ ஒருவர் வாசலுக்குரிய லென்ஸ் இன்னொருவர் வாசலில் பொருந்தாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொன்னதில்லை. இயல் 2இல் கண்ட இரண்டரை மி.மீ. இவ்விடத்தில் நினைக்கத்தகும். இதே தொடரை என் மனைவி வேறு பொருளிலும் ஆள்வதுண்டு. அது 85 மி.மீ. லென்ஸ் வாங்க அனுமதி கேட்ட சூழலில் எழுந்தது (இல்லாள், அடுக்களை வாய்மொழி, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி).

மூன்றாம் சான்று, மறுக்கவே முடியாதது: ‘நீ என்ன பெரிய பருப்பா?’ கேனன் ஆர்.எஃப். வரிசையில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸின் எடை 160 கிராம். அதே 50 மி.மீ., எஃப் 1.2 லென்ஸின் எடை 950 கிராம். வெளிச்சம் இரண்டேகால் மடங்கு கூடும்; விலை பத்து மடங்கைத் தாண்டும். முன்னதை வைத்திருப்பவன் பின்னதை வைத்திருப்பவனைப் பூங்காவில் பார்க்கும்போது மனத்துக்குள் எழும் வினாவே மேற்படி தொடர். பேச்சு வழக்கில் ஒளியியல் வழக்குகள் எவ்வளவு தூய்மையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த முறையில் எந்த மொழிச் சொல்லையும் தமிழுக்கு அழைத்துவந்துவிடலாம் என்பதை இளம் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் கைதட்டும்; பையும் சான்றிதழும் மதியச் சாப்பாடும் உறுதி. அரங்கில் லத்தீன் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொள்கை நிறுவப்பட்டதும் செயல்முறை. பருப்பு என்றால் டப்பாவில் வைக்க வேண்டும். சென்னைக் காற்றில் வெளியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். லென்ஸ்காரர்கள் இதை ‘ஃபங்கஸ்’ என்று, வீட்டில் யாருக்கோ வைத்தியம் பார்ப்பதுபோலத் தணிந்த குரலில் சொல்வார்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் கிளைவிட்டு, மேற்பூச்சை அமிலத்தால் அரித்துவிடும். இதற்கு உலர்பெட்டி என்றே ஒன்று விற்கிறது. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும். அதன் விலையில் இன்னொரு லென்ஸ் வாங்கலாம் என்பதால் இன்னொரு லென்ஸ் வாங்கப்பட்டது. எனவே கீழ்க்கண்ட சோதனைகள்.

சோதனை அ: அரிசி டின். அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பது செல்போனைத் தண்ணீரில் போட்டோர் அனைவரும் வழிமொழிந்த கோட்பாடு. ஒரு வாரத்துக்குப் பின் குவிய வளையத்தைத் திருகினால் அம்மியில் மிளகு அரைக்கும் ஒலி. அரிசித் தவிடு உள்ளே போயிருந்தது. அன்று வடித்த சோற்றில் லென்ஸின் பின்மூடி கிடைத்தது (மளிகை நோட்டு, ப. 22, எண்ணெய்க் கறைக்குக் கீழ், சிவப்பு மையில்).

சோதனை ஆ: மைசூர்ப் பருப்பு டப்பா. இனம் இனத்தோடு சேரட்டும் என்ற மொழியியல் துணிபில், பழைய சோவியத் ஹீலியோஸ் 44-2 ஒன்று, 58 மி.மீ., பருப்புக்குள் புதைக்கப்பட்டது. பத்தாம் நாள் அதன் வழியே பால்கனித் துளசியைப் பார்த்தபோது துளசியின்மேல் யானையளவில் ஏதோ நடந்தது. பயறு வண்டு. லென்ஸுக்குரிய வண்டு லென்ஸுக்குள் போனதில் சொற்பிறப்பியல்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த விளக்கம் ஏற்கப்படவில்லை (இல்லாள், மேற்படி வாய்மொழி, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் இல்லாத என் பரம்பரை பற்றிய பின்னிணைப்புடன்).

சோதனை இ: சிலிக்கா ஜெல். நீலமாக இருக்கும்; ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும்; சூடேற்றினால் மறுபடி நீலம். சூடேற்ற உளுந்து வறுக்கும் இரும்பு வாணலி தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாத வேதிப்பொருள் என்பது தெரியவந்ததும் வாணலி அன்று மாலையே நாடு கடத்தப்பட்டது. அது தொடர்பான முக்கிய ஆவணம்: மனைவி என் அம்மாவோடு பேசிய தொலைபேசி உரையாடல். ஒலிப்பதிவு இல்லை; பக்கத்து வீட்டு மாமி பால்கனியில் துணி உலர்த்தியபடி கேட்டுப் பதிப்பித்தது. இதில் பாடபேதம் உண்டு: அடுக்களைப் பிரதியில் ‘தண்டச் செலவு’; மாமி பிரதியில் ‘தெண்டச் செலவு’. ஆய்வாளர் தம் வாழ்நாளில் கேட்ட அழுத்தத்தை நோக்கப் பின்னதே மூலபாடம். ‘தெண்டம்’ என்பது ஏடெழுதியோர் பிழை என்று கருதும் பேராசிரியர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம்.

இவ்வியலுக்குப் பிற்சேர்க்கையாக ஒரு வண்ணக் குறிப்பு. லென்ஸ்கள் பெரும்பாலும் கறுப்பு. இது கடவுள் சேர்ப்பவனுக்குத் தந்த வரம். ‘ஏங்க, இது புதுசா?’ என்ற கேள்விக்கு, ‘பழசுதான், திருப்பி வச்சிருக்கேன்’ என்ற விடை நான்கு முறை செல்லுபடியாயிற்று. வெயிலில் சூடேறாதிருக்கச் சில பெரிய டெலிபோட்டோக்களுக்கு வெள்ளை பூசுகிறார்கள். அவற்றைச் சுங்கச் சாவடி தாண்டிக் கொண்டுவர இவ்வுலகில் வழியில்லை.

இயல் 5: பொக்கே

பின்புலம் குழைந்து மங்குவதைப் ‘பொக்கே’ என்பர். ஜப்பானியச் சொல். 1997இல் மைக் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் ஆங்கிலக்காரர் வாய்க்குத் தக்கபடி கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து இதை அச்சேற்றினார். இயல் 4இன் முறைப்படி, இது நம் ‘பொக்கை’யே என்க. பல்லில்லாத வாயில் சொல் விளிம்பிழந்து உருண்டை உருண்டையாக வெளிவருவதுபோல, பின்னால் எரியும் விளக்குகள் விளிம்பிழந்து வட்டம் வட்டமாகின்றன. வண்டு நீங்கிய ஹீலியோஸில் அந்த வட்டங்கள் சுழலவும் செய்யும். சுழல்வதைப் பார்க்க ஆய்வாளர் அந்தத் துளசியை மட்டும் அறுநூறு முறைக்குமேல் எடுத்திருக்கிறார்.

முடிவுரை

ஆய்வுக் காலத்தில் எடுத்தவை வருமாறு: மேற்படி துளசி; லென்ஸின் ஓரக் கூர்மையைச் சோதிக்க எதிர்வீட்டுச் செங்கல் சுவர், பதினொரு லென்ஸாலும்; ‘போதும்’ என்று உள்ளங்கையை நீட்டும் மனைவி, அதில் ரேகை வெகு தெளிவு.

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது இவற்றில் ஒன்றல்ல. சித்தப்பா இரவல் வாங்கிவந்த ஆக்பா கிளிக் 3இல் எடுத்தது. கழற்ற முடியாத ஒரே லென்ஸ். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருள். சுருளுக்கு 12 படம். பதினொன்று அத்தை கல்யாணத்தில் தீர்ந்துவிட, மிச்சமிருந்த ஒன்றை வீணாக்குவானேன் என்று திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சியைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். மூலையில் சித்தப்பாவின் விரல். ஆச்சி கை அசைந்திருக்கிறது. உலக்கை இரண்டாகத் தெரிகிறது. வாய் நிறையப் பொக்கைச் சிரிப்பு. வீட்டுக்கு வருகிற எவரும் அந்தப் படத்தின் ஓரக் கூர்மையைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

இது கருதுகோளுக்கு எதிரான சான்று. எதிரான சான்று கிடைத்தால் அதைப் பின்னிணைப்பில் தள்ளுவது முறை; இடமின்மையால் இங்கேயே விடப்பட்டது.

வாய்மொழித் தேர்வு சென்ற ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் நடந்தது. புறத்தேர்வாளராக ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். லென்ஸ் என்றால் பருப்பு என்ற என் கண்டுபிடிப்பை அம்மாவுக்கும் மனைவிக்கும் விரிவாக எடுத்துரைத்தேன். அம்மா பீரோவின் கீழ்த்தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு வினா தொடுத்தாள்:

“இம்புட்டுப் பருப்பு வாங்கி அடுக்கியிருக்கியேடா, ஒரு நாளாவது சாம்பார் வச்சியா?”

விடையளிக்க ஆய்வாளர் ஆறு மாதக் கால நீட்டிப்புக் கோரியுள்ளார். அதற்குள் 135 மி.மீ. வந்துவிடும்.