துபாய்ச் சம்பளத்தில் தென்காசியைச் சமாளிப்பது எப்படி?

கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை, புளியங்குடி என்று எந்த ஊரிலிருந்து துபாய்க்குக் கிளம்பினாலும் முதலில் பெருக்கல் வாய்ப்பாட்டைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு திர்ஹம் 20 ரூபாயைத் தாண்டிச் சில வருஷம் ஆகிறது. சம்பளம் 2,000 திர்ஹம் என்று நீங்கள் சொல்லி வாயை மூடுமுன் டீக்கடை பெஞ்சு அதை நாற்பதாயிரத்துச் சொச்சமாக்கிவிடும். அதே பெஞ்சில், படுக்க மட்டும் மாசம் 700 திர்ஹம் ஆகிறது என்று சொல்லிப் பாருங்கள். "எழுநூறுதானடே?" என்பார்கள். வரவு ரூபாயில், செலவு திர்ஹமில். இதுதான் ஊர்க்கணக்கு, திருத்தப் போகாதீர்கள், கருமி என்ற பெயர்தான் மிஞ்சும்.

இந்த விஷயத்தில் அறுபதுகளின் தொடக்கத்தில் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1959இல் நம் ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. துபாயில் புழங்கியதும் அதுதான். 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, துபாய்க்காரர்களும் அந்த நோட்டைக் கைகழுவினார்கள். 1973இல் திர்ஹம் வந்தது. 1997 முதல் அதை டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஆகவே ரூபாய் சரிந்தது என்று செய்தி வந்தால், முகத்தில் கொஞ்சம் தேசக் கவலையை வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கும்.

அடுத்தது வீடு பார்ப்பது. பார்க்க வேண்டாம். வருஷ வாடகையைக் கணக்குப் போட்டு, பின்தேதியிட்ட காசோலைகளாக ஒன்றோ இரண்டோ நான்கோ எழுதி வாங்கிக்கொள்ளும் ஊர் அது. நம் தரத்துக்கு தேராவிலோ சத்வாவிலோ ஒரு 'பெட் ஸ்பேஸ்' போதும். அதாவது ஓர் அறையில் ஒரு கட்டில். இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டைக் கேளுங்கள், பேரம் படியும். ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த 'பார்ட்டிஷன்' கிடைத்தால் ரொம்பவும் மகிழ வேண்டாம். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா பக்கமெல்லாம் அந்தத் தடுப்புகள் மேல் அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். காலையில் பாத்ரூம் முறை தவறினால் வண்டி தவறும், வண்டி தவறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஊரில் மாடி வீடு எழும்புவதற்காக நீங்கள் மேல்கட்டிலில் கிடக்கிற சங்கதியை வீட்டுக்குச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். "ஏசி உண்டுல்லா?" என்று கேட்பார்கள். உண்டு. பேச்சு அத்தோடு முடிந்தது.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். இரண்டும் இல்லாதவருக்கு வீடியோ கால்.

வருமான வரி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள், நிஜம்தான். ஆனால் 2018 முதல் வாங்கும் பொருளுக்கு 5 சதவீதம் வாட் வரி. சொந்தப் பெயரில் வீடு எடுத்தால் வருஷ வாடகையில் 5 சதவீதம் கரண்டு, தண்ணீர் பில்லோடு சேர்ந்து வரும். கார் ஆசை எட்டிப்பார்த்தால் சாலிக் என்ற சுங்க வளைவை நினைத்துக்கொள்ளுங்கள்: 2025 முதல் நெரிசல் நேரத்தில் ஒரு தடவை கடக்க 6 திர்ஹம். மனசு கேட்காவிட்டால் தேராவிலிருந்து பர் துபாய்க்கு அப்ரா படகில் ஒரு நடை போங்கள். ஒரு திர்ஹமில் காற்று வாங்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் பெரிய செலவு: லீவு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. அப்படி ஒரு வெயில். சரியாக அதே நாட்களில்தான் குற்றாலத்தில் சாரல். துபாயில் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதே என்பதால் டிக்கெட் விலை மேலேறி நிற்கும். திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு மலைப்பாதை வழியாக, கோடாலித் தைலமும் பால்பவுடரும் நிரம்பிய பெட்டியோடு வந்து சேருவீர்கள். பெட்டி பிரிக்கும்போது எடை 30 கிலோ. சொந்தக்காரர்கள் அதற்கு மேல்.

மறுநாள் அருவி. குளிக்கக் காசில்லை, அந்தத் தைரியத்தில்தான் தெருவே வேனில் ஏறும். ஐந்தருவியிலிருந்து பழைய குற்றாலம், அங்கே எண்ணெய்த் தேய்ப்பு, வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும், பசி எடுத்ததும் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். பில் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் வரும். "மச்சான் இருக்காம்லா" என்று சர்வருக்கும் தெரியும். மறுக்க நினைக்காதீர்கள். இதற்குத்தானே மேல்கட்டில்!

கடைசி நம்பிக்கை கிராஜுவிட்டி. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். 'அடிப்படை' என்பதை அழுத்தி வாசியுங்கள். அதைச் சின்னதாக வைத்து, மீதியை அலவன்ஸ் என்று எழுதும் சாமர்த்தியம் முதலாளிகளுக்கு உண்டு. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியையாவது பாருங்கள். இது மட்டும் கிண்டல் இல்லை.

தென்காசிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சீசனில் லீவில் வந்தவரை அருவிக்கு இழுத்துப் போகிறீர்கள் என்றால், வேன் வாடகையை ஒரு தடவை நீங்கள் கொடுங்கள்.