செல்லுமானால் நடை, செல்லாவிட்டால் தடை

கேள்வி: டோக்கியோவின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் புழங்கியிருக்கிறார்களாமே! டிக்கெட் கதவில் நசுங்கிவிட மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள். காரணம், அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது!

பல ஊர் மெட்ரோக்களில் அட்டையைக் காட்டிய பிறகுதான் கதவு திறக்கும். ஜப்பானில் நேர்மாறு. அட்டை செல்லுமானால் நடை, செல்லாவிட்டால்தான் தடை. பணம் கட்டியவர் ஒரு நொடியும் நிற்க வேண்டியதில்லை. பயணியை நம்பித் தொடங்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை பாராட்டினாலும் தகும்.

2001இல் 'சுய்கா' என்னும் ரயில் பயண அட்டை வந்தது. அதைப் படித்து, கட்டணம் கழித்து, புதுக் கணக்கை எழுதி முடிக்கக் கருவிக்குக் கிடைப்பது 0.2 விநாடி! ஒரு வழியில் நிமிடத்துக்கு 60 பேர் வரை கடக்க வேண்டும் என்பது இலக்கு.

முன்னோட்டச் சோதனைகளில் மக்கள் திணறினார்கள். அட்டையை எங்கே வைப்பது என்றே பலருக்குப் புரியவில்லை. வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமானாகா பலரை நடக்கவிட்டுக் கவனித்தார். அட்டை வைக்கும் பரப்பைப் பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்தார். கை தானாக அங்கே போனது. அறிவிப்புப் பலகையால் ஆகாததை அந்தச் சிறு சாய்வு செய்துவிட்டது.

இன்னொரு வசதியும் உண்டு: உள்ளே வருவோர் அதிகமா, வெளியேறுவோர் அதிகமா என்று பார்த்து, கதவுகளின் திசையையே மாற்றிக்கொள்ளலாம்.