பழைய பென்ஸும் வாத பித்த கபமும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

சொகுசுக் கார் பழசானால் என்ன ஆகும் என்னும் வினாவுக்கு உலகியலார் ‘செலவாகும்’ என்று ஒரே சொல்லில் விடை பகர்வர். விடை சரியே; ஆயினும் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. செலவு விளைவு, காரணம் அன்று. காரணத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை மெர்சிடிஸ் பென்ஸின் இரு குலங்கள். ஒன்று, 1976-ல் வெளிவந்து, ஏறத்தாழ 27 லட்சம் கார்களாகப் பல்கிப் பெருகிய டபிள்யூ 123. மற்றொன்று, 1984-ல் அதன் வாரிசாக வந்து, 1995-ல் புணேயில் பூட்டப்பட்டு இந்தியக் குடியுரிமை பெற்ற டபிள்யூ 124. போர்டிகோவில் உறை போர்த்தி நிற்பவை, கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வருபவை, விற்றுவிடலாம் என்று மகனும் கூடவே கூடாது என்று அப்பாவும் வழக்காடுபவை என மூவகையும் இதில் அடங்கும்.

கருதுகோள்

இக்குலத்து டீசல் என்ஜின் எளிதில் சாவதில்லை. ஐந்து லட்சம் கிலோமீட்டர் கடந்தும் ஹெட்டைத் திறக்காமல் ஓடுபவை உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. என்ஜினின் ஆயுளைக் கிலோமீட்டர் தீர்மானிக்கிறது. ரப்பரின் ஆயுளை நாள்காட்டி தீர்மானிக்கிறது. என்ஜின் பிழைத்துக் கிடப்பதால் சுற்றியுள்ள ரப்பர், வயர், பிளாஸ்டிக் யாவும் ஒவ்வொன்றாக மரிப்பதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஆகவே பழுதாவது கார் அன்று, சொகுசே என்பது நம் கருதுகோள்.

சித்த மருத்துவர் உடற்பிணிகளை வாதம், பித்தம், கபம் என மூன்றாக வகுத்தனர். அவ்வகைப்பாடு இக்காருக்கும் பிசகின்றிப் பொருந்துகிறது. காற்றால் வருவது வாதம், மின்சூட்டால் வருவது பித்தம், நீர்மத்தால் வருவது கபம்.

வாதக் குற்றம்

நோய்க்குறி: சாவியைத் திருப்பி, உருவி, சட்டைப் பையில் போட்ட பின்னும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளர் மாந்திரீகரை நினைப்பார். வேண்டாம்.

டபிள்யூ 123 டீசலில் சாவி மின்சாரத்தை அறுத்து என்ஜினை நிறுத்துவதில்லை. டீசலுக்கு எரிபொறி தேவையில்லை. எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை அது எரியும். ஆகவே சாவியை மூடினால் வெற்றிடக் காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே சென்று, இன்ஜெக்‌ஷன் பம்பின் முதுகிலுள்ள ரப்பர்ச் சவ்வை இழுத்து எண்ணெயை அடைக்கும். அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் என்ஜினில் ஒன்றுதான். அதே பம்பிலிருந்துதான் பிரேக்குக்குத் துணைவிசை; அதிலிருந்தே கதவு, டிக்கி, டீசல் மூடி ஆகியவற்றின் பூட்டுகளுக்கும் உயிர்.

அற்றேல், பின்கதவுக்கும் என்ஜினுக்கும் உறவு யாது எனின், இதுவே. இடப்பக்கப் பின்கதவின் உள்ளே ஒரு சவ்வு கிழிந்தால், அந்த ஓட்டை வழியே வெற்றிடம் கசிந்து, என்ஜின் நிற்க மறுக்கும். நோய் முன்னால், நோய்முதல் பின்னால்.

உடனடி மருந்து: பானெட்டைத் திறந்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் மேலுள்ள ‘ஸ்டாப்’ நெம்புகோலை அழுத்துக. நிலையான மருந்து: பூட்டுகளுக்குப் போகும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுச் சாவியை மூடிப் பார்க்க. என்ஜின் நின்றால் குற்றம் கதவில். பின் ஒவ்வொரு கதவின் குழாயையும் தனித்தனியே சோதிக்க. இதற்கென அளவுமானி வைத்த கைப்பம்ப் உண்டு. மூத்த மெக்கானிக்கோ குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நுனி நாக்கைக் கவ்விக்கொண்டால் ‘இது ஓகே’ என்று தீர்ப்பளிப்பார். இரண்டும் ஏற்புடைய முறைகளே. முன்னதற்குக் காசு வேண்டும், பின்னதற்குக் குழாயைத் துடைக்க வேண்டும்.

டபிள்யூ 124-ல் பூட்டுகளுக்குத் தனி மின்பம்பைப் பின் இருக்கையின் அடியில் வைத்தனர். ஓட்டுநர் கதவைப் பூட்டிய பிறகும் அடியிலிருந்து நெடுநேரம் இரைச்சல் கேட்டால் எங்கோ காற்று கசிகிறது என்க. அம்பாசிடரில் கதவை ஒவ்வொன்றாகக் கையால் பூட்டினோம். கை கசியவில்லை.

பித்தக் குற்றம்

இதன் உட்பிரிவு நான்கு.

முதலாவது ஃப்யூஸ். இக்கார்களில் இருப்பவை கண்ணாடி ஃப்யூஸ் அல்ல, இருமுனையும் கூம்பிய டார்பிடோ வடிவின. வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். ஃப்யூஸ் எரிந்திராது, முனையில் பூத்த களிம்புதான் மின்சாரத்தை மறிக்கும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் விரலால் இருமுறை உருட்டிவிட்டால் செத்த விளக்கு எரியும், நின்ற வைப்பர் அசையும். இம்மருத்துவத்துக்கு ஃபீஸ் வாங்க மெக்கானிக்கே கூச்சப்படுவார், ஆயினும் வாங்குவார்.

இரண்டாவது ஓவர் வோல்டேஜ் ரிலே. டபிள்யூ 124-ல் பேட்டரியின் பின்புறம், தலையில் சிவப்பு 10 ஆம்பியர் ஃப்யூஸ் சுமந்து நிற்பது. இதனுள் ஈயப்பற்று விரிசல் விட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஐடிலிங் ஏறி இறங்கும். விளக்கைக் கண்டு பிரேக்கைப் பிரிப்போர் பலர். பிரேக் நிரபராதி.

மூன்றாவது ஆல்டர்னேட்டர். நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிடில் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்வர். முதலில் அதன் முதுகில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் ரெகுலேட்டரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று பார்க்க.

நான்காவதே கொடியது. ஏறத்தாழ 1992 முதல் 1995 வரையிலான பெட்ரோல் என்ஜின்களின் வயரிங்கில், மண்ணில் மக்கும் உறை போட்டதாகச் சொல்வர். மண்ணுக்குப் போகும்வரை அது பொறுக்கவில்லை. என்ஜின் சூட்டிலேயே உதிரத் தொடங்கியது. உறை உதிர்ந்த கம்பிகள் ஒன்றையொன்று தொட, மிஸ்ஸிங் வரும், கம்ப்யூட்டர் குழம்பும், சில வேளை கருகும். என்ஜின் அருகே வயரை மெல்ல வளைத்துப் பார்க்க. உறை வெடித்தால் ஒட்டுப்போடாதீர். முழு வயரிங்கையும் மாற்றுக.

கபக் குற்றம்

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பொருந்தும் பிளாஸ்டிக் கழுத்து முதுமையில் நொறுங்கும். நடுச்சாலையில் கூலன்ட் முழுதும் கொட்டினால் ஹெட் கேஸ்கெட்டும் உடன்கட்டை ஏறும். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்தால் மழைநீர் கால்மிதியில் தேங்கும். உரிமையாளர் வானத்தைப் பார்க்கத் திறந்த கூரை, அவர் பாதத்தை நனைக்கும். ஏசியின் எவாபரேட்டர் கசிந்தாலோ டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். குற்றவாளி ஒரு சிறு துளை, இடிக்கப்படுவது வீடு.

இரு பள்ளிகள்

ஸ்கேனர்ப் பள்ளியார், கருவியைச் செருகினால் குற்றம் திரையில் வரும் என்பர். ஓபிடி-2 செருகி அமெரிக்காவில் கட்டாயமானது 1996-ல். இக்கார்கள் அதற்கு மூத்தவை. டபிள்யூ 124 பேசும் என்றால் சிறு விளக்கை இத்தனை முறை சிமிட்டிப் பேசும். டபிள்யூ 123 அதுவும் பேசாது. சென்னைப் புதுப்பேட்டை மெக்கானிக்குகளாகிய மறு பள்ளியார் காதால் கேட்பர், மூக்கால் முகர்வர், பிறகு, ‘சார், வண்டில ஒண்ணுமில்ல சார். ஓடுறதை ஏன் சார் பிரிக்கணும்?’ என்பர். இரண்டாம் பள்ளியே நம் சார்பு. அது காசு கேட்கும் முன் காரணம் கேட்கிறது.

துணிபு

மூன்று குற்றங்களிலும் ஒரு விதி புலனாகிறது. குற்றம் புரிவது விலை மலிந்த பொருள்: சவ்வு, ஃப்யூஸ், ஈயப்பற்று, பிரஷ். தண்டனை பெறுவது விலை உயர்ந்த பொருள்: பம்ப், கம்ப்யூட்டர், ஆல்டர்னேட்டர். ஆகவே சோதனையை மலிவிலிருந்து தொடங்குக. முதலில் பேட்டரி வோல்ட், அடுத்து ஃப்யூஸ் உருட்டல், பிறகு எர்த் கம்பி, அதன்பின் காற்றுக் குழாய்கள். கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது கடைசியில்.

இக்கார் வாங்க எண்ணும் அன்பர்க்கு ஒரு சொல்: 1992 முதல் 1995 வரையிலான பெட்ரோல் வண்டி என்றால் வயரிங் மாற்றிய பில்லைக் கேளுங்கள், இல்லையென்றால் அத்தொகையைப் பேசிய விலையில் கழியுங்கள். டீசல் என்றால் சாவியை உருவிவிட்டுக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.