இசயாமாவின் கண்டி மருமகன்

கண்டி சிற்றி சென்டரின் மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் இவரைப் பார்க்கலாம். ஒரு பிளேன்டியையும் ஒரு ரோல்ஸையும் முன்னால் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் ஏ.எல். பையன்கள் இருவரிடம் யாரையோ ஏசிக்கொண்டிருப்பார். சூட்டைப் பார்த்தால் காணித் தகராறு என்றுதான் தோன்றும். "நம்ப வச்சு ஏமாத்திட்டான்டா அந்தாளு. ஸ்கூல் காலத்துல இருந்து நம்பினேன்!" ஏமாற்றியவரின் பெயர் ஹஜிமே இசயாமா. ஜப்பான்காரர். இப்படி ஒரு தகராறு நடப்பது அவருக்குத் தெரியாது.

நம்மவருக்குத் தனிப் பெயர் வேண்டாம். ஊரில் பலர் இருக்கிறார்கள். திருகோணமலை வீதியில் ஃபோன் திருத்துபவராக, கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் மாஸ்டராக, வங்கியில் டை கட்டிய உத்தியோகத்தராக வெவ்வேறு உருவில் நடமாடுவார். வயது முப்பதை நெருங்கும். பையன்களுக்கு 'அனிமே அண்ணன்'. கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடப் போனாலும் கறுப்பு டீ-ஷர்ட்டின் முதுகில், அந்த ஜப்பான்காரரின் கதையில் வரும் சாரணர் படையின் இரட்டைச் சிறகு இருக்கும். அந்தச் சின்னத்தை உருவாக்கியவரும் மேற்படி ஏமாற்றுக்காரர்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' மாங்காவை இசயாமா 2009-இல் தொடங்கி, 2021 ஏப்ரலில் 139-ஆவது அத்தியாயத்தோடு முடித்தார். மூன்று சுவர்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சனம். வெளியே ஆள் தின்னும் ராட்சதர்கள். தாயைப் பறிகொடுத்து, அவர்களைப் பூண்டோடு ஒழிப்பேன் என்று சபதமெடுக்கும் பையன் எரென். இவ்வளவோடு நின்றிருந்தால் அண்ணன் நிம்மதியாகத் தூங்குவார். பாதிக்கு மேல்தான் தெரிகிறது, கடலுக்கு அப்பாலும் இருப்பது மனிதர்களே. அவர்கள் ராட்சதர்களாக்கி அனுப்பியதும் எரெனின் சொந்த இனத்தாரைத்தான். கடைசியில் எரென் பெரும் ராட்சதப் படையை ஏவி, வெளியுலகில் பத்தில் எட்டுப் பேரை மிதித்துக் கொல்கிறான். கடலைக் காணும்வரை அண்ணனுக்கு அவர் 'இசயாமா சார்'. கடல் தாண்டியதும் 'அந்தாளு'.

பிடிப்பு வந்ததற்கு ஊரும் ஒரு காரணம். இசயாமா வளர்ந்தது ஒயிட்டா மாகாணத்தின் ஓயாமாவில், நாலாபுறமும் மலை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்ற சிறுவயது ஏக்கம்தான் சுவர்களாக மாறியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று அண்ணன் ஜன்னலைத் திறந்து ஹந்தானையைப் பார்த்தார், பஹிரவகந்தையைப் பார்த்தார். அன்றிலிருந்து உறவு முறையே மாறிப்போயிற்று. தாய்மாமனோடு கோபித்துக்கொண்ட மருமகன் பேச மாட்டான், ஆனால் மாமன் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிட மாட்டான் அல்லவா, அந்தக் கதைதான்.

விசேஷங்களுக்கும் குறைவில்லை. 'இறுதி சீசன்' என்று 2020 டிசம்பரில் ஆரம்பித்த அனிமே முடிந்தது 2023 நவம்பரில். வரும் வரும் என்று காத்திருப்பது கண்டிக்காரருக்குப் புதிதல்ல. கொழும்பிலிருந்து எங்களை நோக்கிப் புறப்பட்ட அதிவேக வீதியையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2022-ஐ மட்டும் அண்ணன் மன்னிக்கவில்லை. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஏப்ரல் 3-ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு, சமூக ஊடகங்களுக்குப் பூட்டு, கலஹா சந்தியில் பேராதனை மாணவர்கள்மீது கண்ணீர்ப்புகை. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். "கடைசி எபிசோட்னு போட்டுட்டு, மிச்சம் அடுத்த வருஷம்னு சொன்னான்!"

அவரது குற்றச்சாட்டுகளில் முதலாவது ஹிஸ்டோரியா. அரசியாக்கி, நிமிர்ந்து நிற்க வைத்து, பிறகு பிள்ளைத்தாச்சியாக ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டாராம். இதில் நான் அண்ணன் கட்சி. அடுத்தது, எரென் கடைசியில் தோழி மிகாசாவை நினைத்துப் புலம்புவது. உலகத்தையே மிதித்தவன், அவள் வேறொருவனைத் தேடக்கூடாது, பத்து வருஷமாவது தன்னை நினைத்திருக்க வேண்டும் என்று அழுகிறான். "ஹீரோவாடா இவன்?" என்று மேசையில் குத்துவார், பிளேன்டி தளும்பும். இதில் என் கட்சி வேறு. அத்தனை பேரைக் கொன்றவன் உள்ளுக்குள் பொறாமை பிடித்த ஒரு சின்னப் பையன் என்று காட்டியதுதான் இசயாமா செய்த துணிச்சலான காரியம். அண்ணனுக்கு வேண்டியது முழு வீரன், இல்லாவிட்டால் முழு வில்லன்.

மூன்றாவதில் அண்ணனின் குரல் தானாக இறங்கும். இத்தனை கொலைக்கும் பிறகு நண்பன் ஆர்மின், எங்களுக்காகச் செய்தாய் என்று அவனுக்கு நன்றி சொல்கிறான். "நன்றியாம்டா." அனிமேயில் அந்தப் பேச்சை மாற்றி, பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்று ஆர்மினைச் சொல்ல வைத்தார்கள். அதற்கும் அண்ணனுக்குக் கோபம்: "முதல்லயே யோசிச்சிருக்கணும்ல?"

வீட்டில் அம்மாவின் விமர்சனம் தனி. ரூபவாஹினியில் சிங்களத்தில் பார்த்த ஓஷின்தான் அவருக்கு அளவுகோல். "அதுவும் ஜப்பான் கதைதானேப்பா? அந்தப் பிள்ளை அழுதா நமக்கும் அழுகை வந்துச்சு. இவன் எதுக்கு ஊரை மிதிக்கிறான்?" என்பார். அனிமேக்கும் கார்ட்டூனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புட்டு அவியும்வரை விளக்குவார் அண்ணன். "சரி, கார்ட்டூனை நிப்பாட்டிட்டு வந்து சாப்பிடு."

அண்ணனிடம் சொந்தமாக ஒரு முடிவும் உண்டு, அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அதில் யாரும் யாரையும் மிதிப்பதில்லை. ஒருநாள் அதை வாசித்துக் காட்டியபோது பக்கத்து மேசைப் பெரியவர் காதைக் கொடுத்தார். 1983 ஜூலையில் கண்டியில் எரிந்த தமிழர் கடைகளில் ஒன்று அவருடைய தகப்பனாருடையது.

"தம்பி, சுவருக்கு உள்ள இருக்கிறவன் நல்லவனா, வெளிய இருக்கிறவனா?"

"ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரியும் இருக்காங்கய்யா."

"அப்ப சண்டை எப்படி நிக்கும்?"

"பேச்சுவார்த்தை."

"யாரு, நோர்வேக்காரன் வருவானா?"

பையன்கள் சிரித்த சிரிப்பில் கொப்பி மூடப்பட்டது. பெரியவர் விடவில்லை. 1951-இல் சான் பிரான்சிஸ்கோவில், பகையால் பகை தீராது என்ற புத்தர் போதனையைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று பேசியவர் ஜே.ஆர். ஜெயவர்தன. ஜப்பான் உதவியோடு 1982-இல் ரூபவாஹினி தொடங்கியபோது ஜனாதிபதி அவர். அடுத்த வருஷம் கடை எரிந்தபோதும் அவர்தான். "ஜப்பான்காரன் கதைக்கு முடிவு தேட நீ அவ்வளவு தூரம் போகணுமா?" என்று எழுந்து போனார். அண்ணன் ஆறிப்போன ரோல்ஸைக் கடித்தார்.

இவ்வளவு ஏச்சுக்கும் நடுவில் பையன்களில் ஒருவன் உற்சாகப்பட்டு, "ஆமாண்ணே, அந்தாளுக்கு எழுதவே தெரியாது" என்று சொல்லிவிடக் கூடாது. அண்ணனின் முகம் மாறிவிடும். "அந்தாளா? யாருடா அந்தாளு? 2022-ல நியூயார்க்ல ரசிகர்கள் முன்னால முடிவைப் பத்திப் பேசும்போது கண் கலங்கினார்டா அந்த மனுசன். நீ ஏ.எல். ரெண்டாந்தரம் எழுதறவன், நீ கதைக்கிறியா?" இசயாமாவை ஏசும் உரிமை கண்டி மாவட்டத்தில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

ஆகவே, அந்தச் சிறகுச் சின்னத்தைக் கண்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் சாரணர் படையின் கொமாண்டர் எர்வினைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரத்தில் தப்பலாம். எரெனைப் பற்றிக் கேட்டால் கம்பளை பஸ் போய்விடும். ஹிஸ்டோரியா என்று வாயெடுத்தால், வீட்டுக்கு ஃபோன் பண்ணி ராச்சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.